நம்ம ஊர் மலைக்கு ஒரு டிரெயில் ஷூ: 14 மாதம் போட்டுப் பார்த்ததில்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இத்தோடு போகலாம். காய்ந்த பாறை, சரளை, வண்டிப்பாதை, கோவில் படிக்கட்டு, இவ்வளவுதான் உங்கள் ஓட்டமும் நடையும் என்றால் இந்த ஷூ நன்றாக உழைக்கும். ஓடையைத் தாண்ட வேண்டிய மலை, பாசி பிடித்த பாறை, சாரல் காலம் என்றால் இதைப் போட்டுக்கொண்டு குழந்தையின் கையைப் பிடித்து இறங்காதீர்கள். நான் இறங்கினேன். அதைத்தான் விவரமாக எழுத வந்திருக்கிறேன்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. ஒட்டு விட்ட விஷயத்தில் எனக்கு அவர்கள் மேல் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன், ஆனால் அது என் ஒரு ஜோடிக்கு நடந்தது, அதை வைத்து ஊருக்கெல்லாம் அவர்கள் சரக்கே மோசம் என்று சொல்ல மனசு வரவில்லை. அதோடு இந்த மாடல்கள் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கின்றன, இன்றைக்கு நான் பெயர் சொல்லி நீங்கள் கடைக்குப் போகும்போது அதே பெயரில் வேறு ரப்பர் இருக்கும். எதைத் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்று எழுதினால் அது எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்.

என்னுடையது யூகே 9. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒரு ஷூ 310 கிராம். சோலின் அடியில் லாரி டயரில் பட்டன் என்போமே, அதேபோல் ரப்பர் பட்டன்கள், 4 மில்லிமீட்டர் உயரம். குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட 8 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும், டிராப் என்று சொல்வது இதைத்தான். மேலே வலைத்துணி, முன்னால் விரல் பக்கம் மட்டும் ஒரு ரப்பர் மூடி. விலை 5,999, தள்ளுபடி போக 4,800க்கு வாங்கினேன். 14 மாதத்தில் என் கைக்கடிகாரக் கணக்குப்படி 600 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓடியும் நடந்தும் இருக்கிறேன்.

எங்கே ஓடினேன் என்று சொல்லாமல் ஷூவைப் பற்றிச் சொன்னால் பிரயோஜனமில்லை. நாங்கள் ஆறு பேர், எல்லாரும் பாளையங்கோட்டை, ஞாயிற்றுக்கிழமை காலை நாலே முக்காலுக்குக் கிளம்பி ரெட்டியார்பட்டி மலைப் பக்கம் போவோம். நாகர்கோவில் நாலுவழிச்சாலைக்காக மலையைப் பிளந்து வைத்திருக்கிறார்களே, அந்த மலைதான். பெரிய மலை ஒன்றும் இல்லை, ஆனால் கால் வைக்கிற தரை கடுமை. உடைந்த கல், உருளுகிற சரளை, நடுவில் மாட்டு வண்டித்தடம், இரண்டு பக்கமும் உடைமரமும் சீமைக் கருவேலமும். சித்திரை வைகாசியில் ஏழரை மணிக்கெல்லாம் பாறை சூடேறிவிடும், அதற்குள் இறங்கிவிட வேண்டும். இது நண்பர்களோடு ஓடுகிற கணக்கு. வீட்டோடு போவது மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை: மனைவி, பதினோரு வயது மகள், அத்தான், மைனி, அவர்கள் பையன்கள் இரண்டு பேர், முடிந்தால் சித்தப்பா. பண்பொழி திருமலை, மருந்துவாழ்மலை, திருக்குறுங்குடி மலை நம்பி கோவில் என்று மாறி மாறிப் போவோம். அங்கே ஓட்டம் கிடையாது, பேசிக்கொண்டே ஏறுவது, ஆனால் ஷூ அதேதான்.

காய்ந்த தரையில் இந்த ஷூவுக்கு முழு மதிப்பெண் போடுவேன். ரெட்டியார்பட்டியில் இறங்கும்போது சரளை உருண்டால் சாதாரண ரோட்டு ஷூவில் ஒரு கை நீளம் சறுக்கிவிடும், நான் முன்னால் அப்படி இரண்டு தடவை உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டவன். இந்தப் பட்டன்கள் சரளைக்குள் இறங்கிப் பிடிக்கின்றன. பட்டன்களுக்கு நடுவே இடைவெளி போதுமான அளவு இருப்பதால் கல் சிக்கிக்கொள்வதும் குறைவு. இந்த மண்ணுக்கு 4 மில்லிமீட்டர் போதும். 6 மில்லிமீட்டர் என்று விற்பதெல்லாம் சகதிக்கு, நமக்கு வருடத்தில் எத்தனை நாள் சகதி? அந்த உயரப் பட்டன் நம்ம ஊர்ப் பாறையில் ஆணி வைத்த மாதிரி நிற்கும், சீக்கிரம் தேய்ந்தும் போகும்.

மருந்துவாழ்மலையில் இதைப் போட்டது எனக்கு ரொம்பத் திருப்தியான நாள். கன்னியாகுமரி போகும் வழியில் பொட்டல்விளை, பொற்றையடிப் பக்கம் இருக்கிற மலை, அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது விழுந்த துண்டு என்று சொல்வார்கள். நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகை இங்கேதான் இருக்கிறது. கீழே படி, மேலே போகப் போகப் பாறை, கடைசியில் கையை ஊன்றி ஏறுகிற இடங்களும் உண்டு. காற்று அடிக்கிற ஆனி மாதம் போயிருந்தோம், உச்சியில் நிற்கவே விடவில்லை. தெற்கே கடல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் எல்லாம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன, மகள் அவற்றை எண்ணிப் பார்த்து எண்பதுக்கு மேல் விட்டுவிட்டாள். அந்தக் காற்றிலும் சாய்வான பாறையில் கால் அசையவில்லை. காய்ந்த சொரசொரப்பான பாறையும் இந்த ரப்பரும் நன்றாக ஒத்துப்போகின்றன.

அந்தத் தைரியத்தில்தான் நம்பி கோவிலுக்குப் போனேன்.

திருக்குறுங்குடி தெரியாதவர்கள் குறைவு, 108 திவ்யதேசங்களில் ஒன்று. ஊருக்குள் பெரிய கோவில், அப்புறம் மகேந்திரகிரியின் சாரலில், காட்டுக்குள் மலை மேல் நம்பி தனியாக இருக்கிறார். ஜீப்பும் போகும், ஆனால் நடந்து போகிறவர்களுக்குத்தான் அந்தக் காடு முழுசாகக் கிடைக்கும். பாதை முழுக்கக் கல், ஜீப் ஏறி ஏறிப் பெயர்ந்த கல், பக்கத்தில் தண்ணீர்ச் சத்தம். ஐப்பசியில் இரண்டு நாள் மழை விட்டதும் ஒரு சனிக்கிழமை, செக்போஸ்ட்டில் கேட்டுக்கொண்டு ஏறினோம். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. சாமி கும்பிட்டுவிட்டு ஆற்றில் கால் நனைக்கலாம் என்று இறங்கினோம். மகள் என் இடது கையைப் பிடித்திருந்தாள். பார்க்கச் சாதாரணப் பாறை, நிறம் மட்டும் கொஞ்சம் கருப்பு. நான் காலை வைத்த மறுநொடி இரண்டு காலும் ஒரே நேரத்தில் போய்விட்டன. விழும்போது அவள் கையை விட்டுவிட்டேன், அதுதான் அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம், விடாமல் இருந்திருந்தால் அவளும் என்னோடு வந்திருப்பாள். எனக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் போனது, இடுப்பில் ஒரு அடி, மூன்று வாரம் ஓட முடியவில்லை. அவள் முகம் வெளிறிப்போய் நின்றதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

சித்தப்பா அறுபத்தெட்டு வயதில், வெறுங்காலோடு, நான் விழுந்த அதே பாறையில் இறங்கி வந்து என்னைத் தூக்கினார்.

"ஏல, காலைச் சப்பையா வையி. நுனியில நிக்காத. பாறை கருத்துக் கெடந்தா மிதிக்காதன்னு சின்னப்புள்ளையில சொன்னேம்லா."

"ஷூ புடிக்கும்னு நெனச்சேன் சித்தப்பா."

"அது ரப்பர்டே. அதுக்கு என்ன தெரியும்?"

வீட்டுக்கு வந்து பல நாள் யோசித்ததிலும் மற்ற நண்பர்களின் ஷூவை வாங்கிப் போட்டுப் பார்த்ததிலும் எனக்கு விளங்கியது இதுதான். ஈரப் பாறையில் பட்டனின் உயரத்தால் ஒரு உபயோகமும் இல்லை. பட்டன் மண்ணுக்குள் இறங்கிப் பிடிப்பதற்கு, பாறைக்குள் எதுவும் இறங்காது. அங்கே பிடிப்பதெல்லாம் ரப்பரின் மென்மையும் எவ்வளவு ரப்பர் பாறையில் படுகிறது என்பதும்தான். உயரப் பட்டன் என்றால் படுகிற பரப்பு இன்னும் குறைகிறது. கெட்டியான ரப்பர் நிறைய நாள் உழைக்கும், அதனால் விலை குறைந்த ஷூக்களில் அதைத்தான் போடுகிறார்கள், மென்மையானது பிடிக்கும் ஆனால் சீக்கிரம் தேயும். என்னுடையது 600 கிலோமீட்டருக்குப் பிறகும் பட்டன் பாதிக்கு மேல் இருக்கிறது என்று பெருமைப்பட்டேனே, நான் விழுந்ததற்குக் காரணமும் அந்தக் கெட்டி ரப்பர்தான். பாசி இருந்தால் எந்த ரப்பரும் வழுக்கும், அதில் சித்தப்பா சொன்னதே சரி, நிறத்தைப் பார்த்து ஒதுங்க வேண்டும். ஆனால் வெறும் ஈரப் பாறையில், என்னோடு ஓடும் மாப்ளையின் மென்மையான ரப்பர் ஷூ நின்றது, என்னுடையது நிற்கவில்லை. இரண்டையும் ஒரே பாறையில், ஒரு காலுக்கு ஒன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ரப்பர் சோல் மலைக்கு வந்ததே ஒரு துக்கத்திலிருந்துதான். இத்தாலியில் விட்டாலே பிரமானி என்ற மலையேறி, 1935ல் ஆல்ப்ஸில் நடந்த விபத்தில் ஆறு நண்பர்களை இழந்தார், அவர்கள் கால்களில் இருந்த காலணி அந்தக் குளிருக்கும் பாறைக்கும் பொருத்தமில்லாதது என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அவர் உட்கார்ந்து 1937ல் பட்டன் வைத்த ரப்பர் சோலைக் கொண்டுவந்தார். அவர் பெயரின் முதல் எழுத்துகளையும் குடும்பப்பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்தே இன்றைக்கு விப்ரம் என்ற சோல் வருகிறது, பல கம்பெனிகள் அதைத்தான் வாங்கித் தங்கள் ஷூவில் ஒட்டுகின்றன. விலை கூடும். நான் சம்பளத்தைப் பார்த்து அதை வேண்டாம் என்று விட்டுவந்தேன், அடுத்த தடவை விடமாட்டேன்.

கடையில் இதை எப்படிச் சோதிப்பது? ஷூவின் அடியில் பட்டனை நகத்தால் அழுத்துங்கள். நகம் லேசாகப் பதிந்து மெதுவாக மறைந்தால் மென்மையானது, நகமே வளைந்தால் கெட்டி. இன்னொன்று, பெரும்பாலான கடை வாசலில் கிரானைட் படி இருக்கும். ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றி அதில் நின்று பார்க்க விடுவீர்களா என்று கேளுங்கள். திருநெல்வேலியில் ஒரு கடையில் அந்தப் பையன் சிரித்துக்கொண்டே விட்டான், இன்னொன்றில் சோல் அழுக்காகும் என்று விடவில்லை. விடாத கடையில் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, விட்ட கடையில் நான் வாங்குவேன்.

அடுத்தது முள். இந்த விஷயத்தில் வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் விமர்சனம் எதுவும் நமக்கு உதவாது, அவர்களுக்கு உடைமுள் தெரியாது. வெள்ளையாக, ஊசி மாதிரி, ஒரு விரல் நீளத்துக்குக்கூட இருக்கும், காய்ந்து பாதையில் கிடந்தால் எப்படிக் கிடந்தாலும் ஒரு முனை மேலே பார்த்துக்கொண்டிருக்கும். இந்த ஷூவின் சோலுக்குள் கல்தடுப்புத் தகடு கிடையாது, சில மாடல்களில் நடுவில் ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் தகடு வைத்திருப்பார்கள். தகடு இல்லாததால் 14 மாதத்தில் நாலு முறை முள் அடியிலிருந்து உள்ளே வந்திருக்கிறது, பட்டனுக்கு இடையில் ரப்பர் மெலிசாக இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் வரும். பக்கவாட்டில் வலைத்துணி வழியாக வந்ததை எண்ணவே இல்லை. காற்றோட்டத்துக்கு வலைத்துணி வேண்டும், நம்ம ஊர் வெயிலில் அதுதான் காலைக் காப்பாற்றுகிறது, ஆனால் முள்ளுக்கு அது கதவைத் திறந்து வைத்தது போல. கொஞ்சம் நெருக்கமாக நெய்த துணியாகப் பார்த்து வாங்குங்கள், விரலைச் சுற்றி மட்டுமில்லாமல் சுண்டுவிரல் பக்கம் வரைக்கும் ரப்பர் பட்டி சுற்றி வருகிறதா என்றும் பாருங்கள்.

எங்க ஆச்சி மடியில் எப்போதும் ஒரு முள்வாங்கி இருக்கும். வயலுக்குப் போனாலும் விறகுக்குப் போனாலும் அது இல்லாமல் போக மாட்டாள். இப்போது எங்கள் ஆறு பேர் பையிலும் முள்வாங்கி இருக்கிறது. பாதி முள் உடைந்து உள்ளே இருந்தால் அதோடு ஓடாதீர்கள், உட்கார்ந்து எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், நான் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறு கிலோமீட்டர் ஓடி, குதிகாலில் சீழ் வைத்து மருத்துவரிடம் போனேன்.

அளவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் கஷ்டப்பட்டது இதில்தான். கடையில் நின்றுகொண்டு போடும்போது சரியாக இருக்கிற ஷூ, மலையிலிருந்து இறங்கும்போது சரியாக இருக்காது. ஓட ஓடக் கால் வீங்கும், இறக்கத்தில் கால் முன்னால் தள்ளும், பெருவிரல் நகம் முன்சுவரில் இடிக்கும். மருந்துவாழ்மலையிலிருந்து இறங்கிய மறுநாள் அத்தானுக்கு இரண்டு பெருவிரல் நகமும் கருத்து, ஒரு மாதத்தில் கழன்றே போனது. அவர் போட்டிருந்தது சாதாரணமாகப் போடும் அளவு. நான் சாதாரணமாக 8 போடுகிறவன், இதை 9 வாங்கினேன், பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறது, ஒரு நகமும் போகவில்லை. சாயங்காலம் போய் வாங்குங்கள், காலையில் இருப்பதைவிட அப்போது கால் கொஞ்சம் பெருத்திருக்கும். ஓடப்போகிற அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள்.

நீளம் சரியாக இருந்தாலும் அகலம் இடிக்கும். நம்மில் நிறையப் பேர் சின்ன வயதில் செருப்பில்லாமல் வளர்ந்தவர்கள், விரல்கள் விரிந்திருக்கும். இது சும்மா சொல்வதில்லை, இந்தியாவில் பழக்கமாகவே வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதத்தை அளந்து 2009ல் வந்த ஒரு ஆய்வு, காலணி போட்டு வளர்ந்தவர்களைவிட அவர்களின் பாதம் அகலமாக இருப்பதையும், எடை பாதம் முழுவதும் இன்னும் சமமாகப் பரவுவதையும் காட்டியது. ஷூக்களோ பெரும்பாலும் ஒல்லியான பாதத்துக்குச் செய்த அச்சில் வருகின்றன. இந்த ஷூ விரல் பக்கம் சுமாரான அகலம், எனக்குச் சரி, சித்தப்பாவுக்கு நுழையவே இல்லை.

லேஸ் போடும் ஓட்டைகளில் மேலே கணுக்காலை ஒட்டிக் கூடுதலாக ஒன்று இருக்கும், நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள். அதில் லேஸை ஒரு வளையமாக விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் ஷூவோடு ஒட்டி நிற்கும், இறக்கத்தில் முன்னால் தள்ளாது. அத்தான் இப்போது அப்படித்தான் கட்டுகிறார்.

மகளுக்கு இதே கம்பெனியின் சின்ன அளவு வாங்கினேன். அவளுக்குப் பிடித்திருக்கிறது, நிறம் ஆரஞ்சு என்பதால். நான் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன், மலைக்கு மட்டும்தான் ஷூ, வீட்டிலும் தெருவிலும் வெறுங்கால் அல்லது செருப்பு. 1992ல் இந்தியாவில் 2,300 குழந்தைகளின் பாதத்தைப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு, தட்டைப்பாதம் காலணி போட்டு வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதம், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். விரலை மூடிய ஷூ போட்டவர்களிடம் அது அதிகம், செருப்புப் போட்டவர்களிடம் அதைவிடக் குறைவு. பிள்ளைகளை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிற ஆசையில் ஏழு நாளும் ஷூவுக்குள் அடைத்து வைக்க வேண்டாம்.

சரி, ஒட்டு விட்ட கதை. ஒன்பதாவது மாதம், குற்றால சீசனில் பண்பொழி திருமலைக்குப் போனோம். 500க்கு மேல் படிகள், பாதையும் உண்டு, மைனிக்கு முட்டு வலி என்பதால் அவர் காரில் வந்தார், நாங்கள் படியில் ஏறினோம். சாரலில் நனைந்த ஷூவைக் கழற்றிக் காரின் பின்னால் போட்டுவிட்டு, மறுநாள் திருநெல்வேலி வந்ததும் எடுக்க மறந்து, கார் வெயிலில் நின்றது. மூன்றாவது நாள் எடுத்துப் பார்த்தால் இரண்டு ஷூவிலும் முன்பக்கம் சோல் வாயைப் பிளந்திருந்தது. ஈரமும் அடைத்த காரின் சூடும் சேர்ந்தால் ஒட்டு தாங்காது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும், அதில் என் தப்பும் உண்டு. ஆனால் ஒரு வருட உத்தரவாதம் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது. பில்லோடு போனால், பயன்படுத்திய விதம் சரியில்லை என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். எங்கே தப்பு, எப்படி வைக்க வேண்டும் என்று ஒருவர்கூட விளக்கவில்லை. மலையில் ஓடுவதற்கென்று விற்கிற பொருள் நனையாமலா இருக்கும்? எனக்கு அது வருத்தம்தான்.

பாளை மார்க்கெட் பக்கம் செருப்புத் தைக்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஒட்டுனா திரும்பப் போயிரும் தம்பி. சுத்தித் தச்சுருவோம்."

பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு ஒட்டி, அதன்மேல் முன்பக்கம் முழுவதும் மெழுகு நூலில் தைத்தார். நான் அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன், ஒவ்வொரு தையலையும் இழுத்து இறுக்குவதற்கு அவர் கை போடுகிற பலம் சாதாரணமில்லை. 150 ரூபாய் கேட்டார், 200 கொடுத்தேன். ஐந்து மாதம் ஆகிறது, ஒரு தையல் விடவில்லை. இந்த விமர்சனத்தில் ஐந்துக்கு ஐந்து யாருக்காவது கொடுக்க வேண்டும் என்றால் அவருக்குத்தான்.

நனைந்த ஷூவை இப்போது உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை உருவி, லேஸைத் தளர்த்தி, உள்ளே பழைய நாளிதழைக் கசக்கித் திணித்து நிழலில் வைக்கிறேன். தாள் ஈரமானால் மாற்ற வேண்டும். இரண்டு நாளில் காய்ந்துவிடும், நாற்றமும் இல்லை.

மாஞ்சோலைப் பக்கம் மழைக்காலத்தில் அட்டைக்கு இந்த ஷூ எப்படி என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். எந்த ஷூவும் அட்டையைத் தடுக்காது, நீள சாக்ஸும் கொஞ்சம் உப்பும்தான். அதோடு அது புலிகள் காப்பகம், களக்காடு முண்டந்துறை 1988லேயே அறிவிக்கப்பட்டது, நம் இஷ்டத்துக்கு விடியற்காலையில் ஓடுகிற இடமில்லை, யானை நடமாட்டம் உள்ள பாதையில் ஓட்டமே கூடாது. நம்பி கோவிலிலும் அதே காரணத்துக்காக நாங்கள் நடக்க மட்டுமே செய்கிறோம், செக்போஸ்ட்டில் சொல்கிற நேரத்துக்கு முன்னால் இறங்கிவிடுகிறோம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது எல்லாருக்கும் தெரியும். காட்டுக்குள் போக ஆசை உள்ளவர்களுக்கு 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய டிரெக் தமிழ்நாடு இருக்கிறது, மாநிலம் முழுக்க 40 பாதைகள், ஆன்லைனில் பதிவு செய்து பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம்.

தின்பதற்கு ஜெல் பாக்கெட் எல்லாம் நாங்கள் கொண்டுபோவதில்லை, பிளாஸ்டிக்கைக் காட்டுக்குள் எடுத்துப் போகக் கூடாது, அது தேவையும் இல்லை. கோவில்பட்டி கடலைமிட்டாயை எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொண்டால் போதும், நிலக்கடலையும் வெல்லமும், ஏற்றத்தில் ஒரு துண்டு வாயில் போட்டால் அரை மணி நேரம் ஓடுகிறது. இறங்கி வந்ததும் பதநீர்க் காலமாக இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் உப்புப் போட்ட மோர்.

மனைவிக்கு இதே ஷூவை வாங்கச் சொல்லிவிட்டேன். அவள் வருவது ரெட்டியார்பட்டி நடைக்கும் பண்பொழிப் படிக்கும் மட்டும்தான், மழை நாளில் வரமாட்டாள், அந்தக் காசுக்கு இது நல்ல ஷூ. நான் இதை ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு வைத்துக்கொண்டு, நம்பி கோவிலுக்கு மென்மையான ரப்பரில் ஒன்று வாங்கப் போகிறேன். வருகிற தை மாசியில் கேரள வனத்துறை அனுமதி கிடைத்தால் போனக்காடு வழியாக அகத்தியமலை ஏற வேண்டும் என்று ஒரு ஆசை இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கம் போகும்போதெல்லாம் சின்ன வயதிலிருந்து கீழே நின்றே பார்த்த 1,868 மீட்டர் அது. அதற்கும் அந்த ஷூதான்.

சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மூன்று நாள் நடை, அவரும் ஷூ போட ஒத்துக்கொண்டார், முதல் தடவை. போன வாரம் ஏர்வாடிக்குப் போய் தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் அவரை நிற்க வைத்து, பென்சிலால் காலைச் சுற்றி வரைந்தேன். நீளம் யூகே 8க்கு உள்ளே அடங்குகிறது. அகலம் விரல் பக்கத்தில் 11 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது, சுண்டுவிரல் தனியாக ஒதுங்கி நிற்கிறது. அட்டையை வெட்டிப் பையில் வைத்திருக்கிறேன், கடை கடையாக ஷூவின் உள்மெத்தையை உருவி அதன்மேல் வைத்துப் பார்க்கிறேன். இதுவரை ஐந்து மாடல் பார்த்தாயிற்று, ஐந்திலும் சுண்டுவிரல் வெளியேதான் நிற்கிறது. அகலப் பாதத்துக்குப் பொருந்துகிற ஷூ திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ யார் கடையிலாவது கண்ணில் பட்டிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.